கட்டிலுக்குக் கொடுத்த பணம்: வில்லோபுரூக் வழக்கும் நியூயார்க் மாநிலத்தின் கணக்கும்

2011ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில அரசு ஒரு கணக்கு எழுதியது. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக மாநிலமே நடத்திய பெரிய காப்பகங்களில், ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் 5,118 டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் டாலர். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதே மாநிலம் நடத்திய வில்லோபுரூக் என்ற இன்னொரு காப்பகத்தில், தானாகச் சாப்பிட முடியாத ஒரு குழந்தைக்கு ஊட்டிவிட இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க ஆளில்லை. வாயில் அவசரமாகத் திணித்த உணவு மூச்சுக்குழாய்க்குள் போய், நுரையீரல் அழற்சி வந்து குழந்தைகள் இறந்தார்கள்.

பணம் இல்லாததால் நேர்ந்த கொடுமை ஒன்று, பணம் வழிந்ததால் நேர்ந்த முறைகேடு மற்றொன்று என்று இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு காலத்திலும் மாநிலம் கட்டிடத்துக்கும் கட்டிலுக்கும் பணம் கொடுத்தது. கட்டிலில் படுத்திருந்தவருக்கு என்ன தேவை என்று கேட்டு, அதற்கு ஏற்பக் கொடுக்கவில்லை. வில்லோபுரூக் கதையைப் பலரும் கொடுமையின் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நிதியின் கதையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் கொடுமையை ஆண்டுக்கு ஆண்டு தொடரவைத்தது வரவுசெலவுத் திட்டம்தான்.

வில்லோபுரூக் அரசுப் பள்ளி நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் ஐலண்டு பகுதியில் இருந்தது. 1930களின் இறுதியில் திட்டமிடப்பட்டு, கட்டி முடிந்ததும் உலகப்போருக்காக ராணுவ மருத்துவமனையாக்கப்பட்டு, 1947இல் காப்பகமாகத் திறக்கப்பட்டது. பெயரில்தான் பள்ளி. ஏறக்குறைய 4,000 பேருக்கு என்று கட்டிய இடத்தில் 1960களின் நடுப்பகுதியில் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கட்டில்களுக்கு நடுவே நடக்க இடமில்லாத அளவுக்கு நெருக்கிப் போட்டிருந்தார்கள்.

பெற்றோர் ஏன் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று இன்று கேட்பது எளிது. மருத்துவர்களே அப்படித்தான் அறிவுரை சொன்னார்கள்: வீட்டில் வைத்திருந்தால் மற்றப் பிள்ளைகளும் பாதிக்கப்படுவார்கள், விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று. மூளை முடக்குவாதமோ டவுன் நோய்க்குறியோ உள்ள குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் பொதுப் பள்ளிகளுக்கு இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்னும் கூட்டாட்சிச் சட்டம் 1975இல்தான் வந்தது. வீட்டிலேயே வைத்து வளர்க்கிற தாய்க்கு மாநிலம் ஒரு காசு கொடுக்கவில்லை, பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் அனுப்பவில்லை. அதே குழந்தை காப்பகத்தின் வாசலைத் தாண்டியதும் முழுச் செலவும் மாநிலத்துடையது. வாசலுக்கு உள்ளே பணம், வெளியே ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு குடும்பம் எடுத்த முடிவை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாசலையும் ஒரு கட்டத்தில் அடைத்தார்கள். 1964இன் இறுதியில் கூட்டம் தாங்காமல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு தனிப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. மருத்துவர் சால் குரூக்மன் 1950களின் நடுவிலிருந்து மஞ்சள் காமாலை ஆய்வு நடத்திவந்த பிரிவு அது. ராணுவத்தின் தொற்றுநோய்த் துறைசார்ந்த நிதி அதற்கு வந்தது. அங்கே இடம் சுத்தமாக இருந்தது, ஆட்கள் போதுமான அளவு இருந்தார்கள், நெருக்கடி இல்லை. குழந்தைக்கு வேண்டுமென்றே காமாலைக் கிருமியைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அங்கே இடம் கிடைக்கும். காமாலையின் ஏ, பி என்ற இரண்டு வகைகளையும் பிரித்தறிய அந்த ஆய்வு உதவியது என்பது உண்மை. வேறு வழியே இல்லாத பெற்றோரிடம் வாங்கிய கையெழுத்து அது என்பதும் உண்மை. நல்ல பராமரிப்புக்கான பணம் ஆய்வுக் கட்டில்களோடு வந்தது. பொதுக் கட்டில்களில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

1965இல் செனட்டர் ராபர்ட் கென்னடி முன்னறிவிப்பில்லாமல் வில்லோபுரூக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு அதைப் பாம்புக் குழி என்றார். செய்தித்தாள்கள் எழுதின, மாநிலம் திட்டம் போட்டது. ஆனால் 1970இன் இறுதியில் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் அரசு நிதி நெருக்கடியைக் காட்டி, வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியது. காலியான இடங்கள் நிரப்பப்படவில்லை. வில்லோபுரூக் சில மாதங்களில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை இழந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆள் எடுப்பதை நிறுத்துவது காகிதத்தில் மிக மென்மையான சிக்கனம். யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை, எந்தக் காப்பகத்தையும் மூடவில்லை, யாருடைய பெயரும் அந்த ஆணையில் இல்லை. ஆனால் இத்தகைய காப்பகத்தில் ஊழியர் என்பவர்தான் சேவை. வேறு சேவை என்று ஒன்று தனியாக இல்லை. சாலைத் துறையில் ஆள் குறைந்தால் சாலை தாமதமாகும். ஐம்பது பேர் இருக்கும் கூடத்தில் ஒரே பணியாளர் நின்றால், மலம் கழித்த குழந்தை அப்படியே கிடக்கும், ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டால் விலக்க ஆளிருக்காது, உடை மாற்ற நேரமில்லாததால் உடையே இல்லாமல் போகும். தொலைக்காட்சியில் உலகம் பார்த்த காட்சிகள் அனைத்தும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. அங்கே வேலை செய்தவர்களை எல்லாம் அரக்கர்களாகக் காட்டுவது அந்தக் கணக்கை எழுதியவர்களுக்குச் செய்யும் உதவி.

1971 நவம்பரில் உள்ளூர் நாளிதழான ஸ்டேட்டன் ஐலண்டு அட்வான்ஸ் தொடர்ந்து எழுதத் தொடங்கியது. காப்பகத்தின் மருத்துவர்களான வில்லியம் பிரான்ஸ்டனும் மைக்கேல் வில்கின்ஸும் பெற்றோரைத் திரட்டினார்கள். 1972 ஜனவரி தொடக்கத்தில் வில்கின்ஸும் சமூகப் பணியாளர் எலிசபெத் லீயும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வில்கின்ஸிடம் ஒரு கட்டிடத்தின் சாவி இன்னும் இருந்தது. தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜெரால்டோ ரிவேராவை அழைத்துக்கொண்டு அந்தச் சாவியால் ஆறாம் எண் கட்டிடத்தைத் திறந்தார். ஊட்டிவிடும் நிமிடக் கணக்கை வில்கின்ஸ்தான் ஒளிப்படக் கருவியின் முன் சொன்னார். அந்த நிகழ்ச்சியில் பேசியவர்களுள் பெர்னார்டு கரபெல்லோ என்ற இளைஞரும் ஒருவர். மூளை முடக்குவாதம் இருந்த அவரை அறிவுத்திறன் குறைந்தவர் என்று தவறாகக் கணித்து, மூன்று வயதில் அங்கே சேர்த்திருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின், தங்களுக்காகத் தாங்களே பேசும் மாற்றுத்திறனாளிகளின் இயக்கத்தை நியூயார்க்கில் வளர்த்தவர்களுள் ஒருவரானார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாடகர் ஜான் லென்னன் இசை நிகழ்ச்சி நடத்தி ஏறத்தாழ 15 லட்சம் டாலர் திரட்டினார். நல்ல மனத்தோடு செய்த காரியம். ஆயினும் அன்று ஐயாயிரம் பேர் வில்லோபுரூக்குக்குள் இருந்தார்கள். தலைக்கு 300 டாலர் என்று ஒரு முறை கிடைத்ததை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? அறம் செய்கிறவர்கள் ஒரு வீட்டைத் தொடங்கிவைக்கலாம். அதில் இருப்பவர் சாகும்வரை அதை நடத்தும் செலவை மாநிலத்தைத் தவிர வேறு யாராலும் தாங்க முடியாது.

1972 மார்ச்சில் பெற்றோர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதே நேரத்தில் அலபாமா மாநிலத்தில் நீதிபதி பிராங்க் ஜான்சன், காப்பகத்தில் அடைக்கப்பட்டவருக்கு முன்னேற்றத்துக்கான பயிற்சி பெறும் உரிமை உண்டு என்றும், பணமில்லை என்பதை மாநிலம் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பளித்திருந்தார். நியூயார்க்கில் நீதிபதி ஆரின் ஜட் 1973 ஏப்ரலில் அவ்வளவு தூரம் போகவில்லை. பயிற்சி பெறும் உரிமை அரசமைப்பில் இல்லை என்றார். தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமை உண்டு என்றார். 1972இன் எட்டு மாதங்களில் காயம், தாக்குதல், சண்டை என 1,300க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். கண் போனவர்கள், பல் உடைந்தவர்கள், இன்னொருவர் கடித்துக் காதின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பற்றிய சாட்சியம் அவர்முன் இருந்தது.

முதலில் படித்தபோது இந்தத் தீர்ப்பு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் அதன் கூர்மை புரிந்தது. ஒன்பது பேருக்கு ஒரு பணியாளர், கூடுதலாக 85 செவிலியர், 15 மருத்துவர், 30 உடலியக்கப் பயிற்சிப் பணியாளர்கள் என்று அவர் எண்ணிக்கையில் ஆணையிட்டார். ஆட்குறைவு என்பது நிர்வாகக் குறை இல்லை, அதுவே தீங்கு என்று ஏற்றுக்கொண்ட ஆணை அது. ஆளெடுப்பை நிறுத்திய கையெழுத்துக்கும் உடைந்த பல்லுக்கும் இடையே சட்டம் முதல்முறையாக ஒரு கோடு போட்டது.

1975 ஏப்ரல் 30 அன்று புதிய ஆளுநர் ஹியூ கேரி சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விழித்திருக்கும் நேரத்தில் நான்கு பேருக்கு ஒரு பணியாளர், ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், 1981க்குள் வில்லோபுரூக்கில் 250 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, மற்ற எல்லாரும் சமூகத்துக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்குப் போக வேண்டும், இவற்றையெல்லாம் கண்காணிக்க ஏழு பேர் கொண்ட குழு. அந்தத் தேதியைக் கவனியுங்கள். அந்த மாதங்களில்தான் நியூயார்க் நகரம் திவாலாகும் விளிம்பில் நின்றது. கடன் கொடுக்க வங்கிகள் மறுத்தன, மாநிலமே நகரத்தைத் தாங்கிப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஐயாயிரம் பேருக்கு வீடு தருவதாக ஒரு மாநிலம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. பணம் இருந்தபோது செய்யாததைப் பணம் இல்லாதபோது செய்யவைத்தது நீதிமன்றத்தின் கை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் நாம் கற்க வேண்டிய பகுதி. இரண்டு மடைகள் திறந்தன.

முதல் மடை கூட்டாட்சி அரசிடமிருந்து. மெடிக்கெய்டு என்பது ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட்டாட்சி அரசும் மாநிலமும் பங்குபோட்டுக் கொடுக்கும் மருத்துவத் திட்டம். நியூயார்க்குக்கு ஒரு டாலரில் பாதியைக் கூட்டாட்சி அரசு தரும். 1971 டிசம்பரில் வந்த ஒரு சட்டத் திருத்தம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகங்களையும் அந்தத் திட்டத்தில் சேர்த்தது. நிபந்தனை, அங்கே வெறுமனே அடைத்துவைக்காமல் முறையான பயிற்சி தர வேண்டும் என்பது. இதில் நன்மையும் இருந்தது, பொறியும் இருந்தது. தரத்தை உயர்த்தப் பணம் வந்தது. ஆனால் கட்டிலுக்குத்தான் வந்தது. அதனால் பல மாநிலங்கள் பழைய காப்பகங்களை மூடுவதற்குப் பதில் கோடிகளைக் கொட்டிப் புதுப்பித்தன. நியூயார்க் அதே விதியைச் சிறிய வீடுகளுக்கும் பொருத்திப் பயன்படுத்திக்கொண்டது.

இரண்டாவது மடை மாநிலத்துக்குள்ளேயே. 1974ஆம் ஆண்டின் 620ஆம் அத்தியாயம் என்று அழைக்கப்படும் சட்டத்தைப் பற்றி வெளியே அதிகம் பேர் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மிக அறிவார்ந்த வரி அதுதான். அதுவரை ஒருவர் மாநிலக் காப்பகத்திலிருந்து தன் ஊருக்குத் திரும்பினால், அவருக்கான சேவைச் செலவில் ஒரு பங்கை உள்ளாட்சி ஏற்க வேண்டும். உள்ளே இருந்தால் செலவு மாநிலத்தின் தலையில், வெளியே வந்தால் ஊரின் தலையில். எந்த ஊர் வாருங்கள் என்று அழைக்கும்? ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காப்பகத்தில் இருந்தவருக்கு வெளியே ஆகும் சேவைச் செலவு முழுவதையும் மாநிலமே ஏற்கும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பணம் முதல்முறையாகக் கட்டிலை விட்டு எழுந்து, ஆளோடு நடந்து வெளியே வந்தது.

அதன் பின்னும் எளிதாக இல்லை. தெருவில் இப்படி ஒரு வீடு வருகிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், வீட்டுமனைகளின் விலை விழும் என்றார்கள். 1978இல், வீடு அமையும் இடத்தை ஊருக்கு முன்கூட்டியே அறிவித்து, ஆட்சேபத்தைக் கேட்டு, காரணமில்லாத ஆட்சேபத்தைத் தள்ளும் முறையைச் சட்டமாக்கினார்கள். 1980இல் மாநிலச் சட்டமன்றம் வேறு வழியில் கைவைத்தது. கண்காணிப்புக் குழுவுக்கான நிதியையே ஒதுக்க மறுத்தது. ஒப்பந்தத்தை மீற வேண்டியதில்லை, அதைக் கவனிக்கும் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்காமல் இருந்தால் போதும். நீதிபதி ஜான் பார்ட்டல்ஸ் ஆளுநரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியாக அறிவித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழு கலைந்தது. மறு ஆண்டு, பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்ட் காப்பக வழக்கில் உச்ச நீதிமன்றமும், கூட்டாட்சி அரசு பணத்தோடு நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால் மாநிலத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

1981 கெடு தவறியது. 250 என்ற எண்ணிக்கைக்கு வரவே மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1987 செப்டம்பரில் வில்லோபுரூக் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் ஸ்டேட்டன் ஐலண்டு கல்லூரி இருக்கிறது.

இங்கே கதை முடிந்ததாகத்தான் பலர் எழுதுகிறார்கள். ஆனால் மாநிலத்தின் வேறு பெரிய காப்பகங்கள் திறந்தே இருந்தன. 1981இல் கூட்டாட்சி அரசு, காப்பகத்துக்குக் கொடுக்கும் பணத்தை வீட்டிலும் சமூகத்திலும் தரும் சேவைக்குக் கொடுக்க விலக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. நியூயார்க் 1991இல் அதில் இறங்கியது. அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். ஆட்கள் வெளியேறும்போது காப்பகத்தின் வருமானமும் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. 1990இல் ஒப்புக்கொள்ளப்பட்ட மெடிக்கெய்டு கட்டண விதிப்படி, ஒருவர் வெளியேறினால் அவருக்கான தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காப்பகக் கணக்கிலேயே நின்று, மிச்சம் இருப்பவர்களின் நாள் கட்டணத்தில் ஏறிக்கொண்டது. கூடம் காலியாகக் காலியாகக் கட்டணம் உயர்ந்தது. 5,118 டாலர் அப்படித்தான் வந்தது. உண்மையில் ஆன செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். மீதி மாநிலத்தின் மற்றத் தேவைகளுக்குப் போனது, சமூக வீடுகள் உட்பட. அதனால்தான் இருபது ஆண்டுகள் யாரும் அதைத் தொடத் துணியவில்லை.

2010இல் போக்கிப்ஸி ஜர்னல் என்ற உள்ளூர் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. 2012இல் கூட்டாட்சித் தணிக்கை உறுதிசெய்தது. நாடாளுமன்றக் கீழவையின் மேற்பார்வைக் குழு, இருபது ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் மிகையாகக் கொடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. 2013 ஏப்ரலில் கட்டணம் குறைக்கப்பட்டது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. 2015இல், 195 கோடி டாலரைத் தவணைகளில் கூட்டாட்சி அரசுக்குத் திருப்பிக் கொடுக்க மாநிலம் ஒப்புக்கொண்டது.

துண்டு விழுந்ததும் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், சமூக வீடுகளையும் பகல்நேர மையங்களையும் நடத்தும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கான நிதியில் 6 விழுக்காடு, அதாவது 12 கோடி டாலர், வெட்டப்படும் என்று ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் அரசு அறிவித்தது. பெற்றோர் சக்கர நாற்காலிகளோடு தலைநகர் ஆல்பனியில் திரண்டார்கள். இறுதித் திட்டத்தில் அது 9 கோடியாகக் குறைந்தது. கட்டில்களின் பெயரால் மிகையாக வாங்கியதற்கான விலையை, கட்டிலை விட்டு வெளியே வந்தவர்கள் கட்டினார்கள்.

இந்த வெட்டை வாங்கும் இடம் எது? வீட்டின் வாடகையை வெட்ட முடியாது, மருந்தை வெட்ட முடியாது. மிச்சம் இருப்பது குளிப்பாட்டி, ஊட்டி, வேலைக்கு அழைத்துச்செல்லும் பணியாளரின் ஊதியம். அமைப்புகளால் சொந்தமாக விலை வைக்க முடியாது. மாநிலம் நிர்ணயித்த கட்டண விகிதம்தான் அவர்கள் வருமானம். விகிதம் நின்றால் ஊதியம் நிற்கும். துரித உணவுக் கடையில் அதே சம்பளம் கிடைத்தால், பழகிய பணியாளர் போய்விடுவார். பேச்சு வராத ஒருவரின் முகச் சுளிப்பு வயிற்றுவலியா கோபமா என்று படித்தறியும் ஆள் போய், நேற்றுச் சேர்ந்தவர் வருவார். 1970இல் ஒரே ஆணையால் நடந்தது, இங்கே ஆண்டுக்கு ஆண்டு விகிதத்தை உயர்த்தாமல் விடுவதால் மெதுவாக நடக்கிறது. காலிப் பணியிடம் அன்றும் இன்றும் ஒன்றுதான், கூடம்தான் சிறியது.

சட்டத்தின் அமைப்பும் இதற்கு உடந்தை. மெடிக்கெய்டில் காப்பகப் பராமரிப்பை ஒரு மாநிலம் தன் திட்டத்தில் சேர்த்துவிட்டால், தகுதியுள்ளவருக்கு அது உரிமை. வீட்டிலும் சமூகத்திலும் தரும் சேவையோ விலக்கு முறையின் கீழ் வருவது. அதில் இத்தனை பேர் என்று மாநிலம் வரம்பு வைக்கலாம், மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லலாம். எல்லாரும் விரும்புகிற சேவை சலுகையாகவும், யாரும் விரும்பாத சேவை உரிமையாகவும் இன்னும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பல மாநிலங்களில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் குடும்பங்கள் காத்திருப்பது இதனால்தான். எழுபது வயதுத் தாய் நாற்பத்தைந்து வயது மகனைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு, தனக்குப் பின் என்ன என்று விடிய விடிய யோசிப்பது எந்த நாட்டுப் பெற்றோருக்கும் தெரிந்த இரவுதான்.

வில்லோபுரூக்கில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு மிஞ்சியிருக்கிறது. 1993இல் நீதிமன்றம் பிறப்பித்த நிரந்தர ஆணைப்படி, அந்த வழக்கில் இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதும் மாநிலம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருபது பேருக்கு மேல் கவனிக்கக் கூடாது. பேசிக்கொடுக்கக் குடும்பம் இல்லாதவர்களுக்காகப் பேச ஒரு தனிக் குழு இருக்கிறது. அவர்கள் இப்போது முதியவர்கள். ஆண்டுதோறும் எண்ணிக்கை குறைகிறது. ஒருவர் இறந்தால் அவருக்கான கடமை அவரோடு முடிகிறது, அந்தப் பட்டியலில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.